பிரேக் கியூவுக்கு எத்தனை அவுன்ஸ்? 21-க்கு அவசரப்படாதீங்க

கேள்வி இதுதான்: பூல் ஆடுறதுக்கு 19 அவுன்ஸ் கியூ (பந்தை அடிக்கிற கோல்) வச்சிருக்கீங்க, பிரேக் அடிக்கன்னு, அதாவது முக்கோணமா அடுக்கின பந்துகளை (ரேக்) முதல் அடியில சிதறடிக்கன்னு, தனியா ஒண்ணு வாங்கப் போறீங்க, கடையில "21 எடுத்துக்கோங்க சார், வெயிட்டு இருந்தாதான் ரேக் சிதறும்"ங்கிறாங்க, கூட ஆடுற நண்பர் 18-க்கு மேல போகவே போகாதேங்கிறார். ரெண்டு பேர் சொல்றதுலயும் பாதி உண்மை இருக்கு, அதனாலதான் இவ்வளவு குழப்பம். என் பதிலை முதல்லயே சொல்லிடறேன். நீங்க ஆடுற கியூ எந்த வெயிட்டோ அதையே பிரேக்குக்கும் எடுங்க, வேணும்னா ஒரு அவுன்ஸ் முன்ன பின்ன. அதைத் தாண்டி எந்தப் பக்கம் போறதா இருந்தாலும் அளந்து பாத்துட்டுப் போங்க. அளக்கிறதுக்கு உங்க போனே போதும், அது எப்படின்னு கீழ சொல்றேன்.

முதல்ல இந்த அவுன்ஸ் கணக்கை கிராம்ல பாத்துக்கிட்டா எதைப் பத்திப் பேசறோம்னு கையில புடிபடும். ஒரு அவுன்ஸ் 28 கிராம் சொச்சம். 18 அவுன்ஸ்னா 510 கிராம், 19-னா 539, 21-னா 595. ஆக 19-க்கும் 21-க்கும் நடுவுல இருக்கிறது 57 கிராம், ஒரு கோழிமுட்டை வெயிட்டு. கடையில கிடைக்கிற பூல் கியூ பெரும்பாலும் 18-லருந்து 21-க்குள்ளதான் இருக்கும். உலக பூல் சங்கத்தோட விதிப்படி 25 அவுன்ஸ் வரைக்கும், அதாவது 708 கிராம் வரைக்கும் வச்சுக்கலாம், குறைஞ்சது இவ்வளவு இருக்கணும்னு எதுவும் கிடையாது. ஒரு காலத்துல பிரேக்குன்னாலே 21, 22, அதுக்கு மேலயும் கூட கனமா எடுக்கிறதுதான் வழக்கமா இருந்துச்சு, இப்ப நல்லா ஆடுறவங்க நிறைய பேர் 18-லருந்து 19.5 பக்கம் இறங்கி வந்துட்டாங்க. இது ஃபேஷன் மாறுன மாதிரி சும்மா மாறல, காரணம் இருக்கு.

கியூவோட முன் நுனியில இருக்கிற டிப், வெள்ளைப் பந்தைத் தொட்டுக்கிட்டு இருக்கிற நேரம் ஒரு நொடியில ஆயிரத்துல ஒரு பங்கு, ரெண்டு பங்கு, அவ்வளவுதான். அந்த நேரத்துக்குள்ள உங்க கை பந்தைத் தள்ளவே முடியாது, ஏன்னா கியூவைப் புடிச்சிருக்கிறது மெத்துன்னு இருக்கிற சதை, அது வழியா கையோட பலம் போய்ச் சேர்றதுக்குள்ள பந்து கிளம்பிப் போயிருக்கும். அதனால பந்தைப் பொறுத்தவரைக்கும் வந்து மோதுற கியூவோட வெயிட் என்ன, அது வந்த வேகம் என்ன, டிப் எவ்வளவு கெட்டி, இந்த மூணுதான் கணக்கு. பூல் பந்து 5.5-லருந்து 6 அவுன்ஸ். 6-னே வச்சுக்குவோம். 19 அவுன்ஸ் கியூவையும் 21 அவுன்ஸ் கியூவையும் அச்சு அசலா ஒரே வேகத்துல கொண்டு வந்து மோதினா, 21-ல பந்து 2.3 சதவீதம் கூடுதல் வேகத்துல கிளம்பும். கடைக்காரர் சொன்னதுல இருக்கிற உண்மை இந்த 2.3 சதவீதம்தான்.

ஆனா அந்த "ஒரே வேகத்துல" தான் இடிக்குது. உங்க கைக்கு இருக்கிற சக்தி அதேதான், அதுல 57 கிராம் கூட ஏத்தினா கை கொஞ்சம் மெதுவாகத்தான் செய்யும். கியூவை மட்டும் வச்சுக் கணக்குப் போட்டா கிட்டத்தட்ட 5 சதவீதம் வேகம் குறையணும், அப்படிப் பாத்தா 18 அவுன்ஸ் நண்பர் ஜெயிச்ச மாதிரி தெரியும், ஆனா ஆடுறது கியூ மட்டும் இல்லையே, கையும் சேர்ந்துதானே ஆடுது. 70 கிலோ ஆளுக்கு முழங்கைக்குக் கீழ இருக்கிறது எல்லாம் சேர்த்து ஒன்றரை கிலோ பக்கம் வரும், அது முழங்கையைச் சுத்தி ஆடறதால அதுல பாதி, முக்கால் கிலோ போல, கியூவோட சேர்ந்து ஓடற மாதிரி எடுத்துக்கலாம். முக்கால் கிலோவும் 539 கிராமும் ஏற்கனவே ஓடிட்டு இருக்கிற இடத்துல இன்னொரு 57 கிராம் ஏறினா வேகம் 2 சதவீதம் சொச்சம்தான் குறையும். வெயிட்டால வந்த 2.3, வேகம் குறைஞ்சதுல போன 2 சொச்சம். வரவும் செலவும் நேராயிடுச்சு.

இது தோராயக் கணக்குதான், ஒவ்வொருத்தர் கைக்கும் கொஞ்சம் மாறும், ஆனா சேதி மாறாது. 18-லருந்து 21 வரைக்கும் எதை எடுத்தாலும் வெயிட்டால மட்டும் கிடைக்கிற பவர்ல பெரிய வித்தியாசம் வராது. கொலராடோ ஸ்டேட் பல்கலைக்கழகத்துல மெக்கானிக்கல் இன்ஜினியரிங் பேராசிரியரா இருந்த டேவிட் அல்சியாட்டோரே, பூல் ஆடுறவங்க டாக்டர் டேவ்னு கூப்பிடுவாங்க, அவரும் இந்த விஷயத்துல எல்லாருக்கும் பொருந்துற ஒரு நம்பர் கிடையாது, ஆளோட கை அமைப்பையும் அவர் அடிக்கிற விதத்தையும் பொறுத்ததுன்னுதான் சொல்றார். அப்ப ரொம்ப லேசா 16, 17-னு போனா? அதுவும் வேண்டாம். 16 அவுன்ஸ்ல மோதலோட லாபம் 19-ஐ விட 4 சதவீதத்துக்கு மேல குறைஞ்சிரும், அந்த அளவுக்குக் கையை வேகமாக்கணும், ஆனா கியூ லேசானதுக்காக கை எல்லையில்லாம வேகமாகிட்டே போகாது, கையோட சொந்த வெயிட்டே அதைப் புடிச்சு வைக்கும். போதாததுக்கு லேசான கியூவுல கை முந்திக்கிட்டு ஓடும், டைமிங் தப்பும்.

சரி, பவர்ல வித்தியாசம் இல்லைன்னா வெயிட்டைப் பத்தி ஏன் பேசணும்னு கேப்பீங்க. வெயிட் வேலை காட்டுற இடம் வேற. அது நீங்க தலைப் பந்தை, அதாவது ரேக்கோட முன் முனையில நிக்கிற பந்தை, எவ்வளவு நேரா அடிக்கிறீங்கங்கிறதுல இருக்கு.

9 அடி டேபிள்ல ஹெட் ஸ்பாட்லருந்து (நாம அடிக்கிற பக்கத்துப் புள்ளி) ஃபுட் ஸ்பாட் (தலைப் பந்து உக்கார்ற புள்ளி) 50 இன்ச். பந்தோட குறுக்களவு 2.25 இன்ச்சைக் கழிச்சா வெள்ளைப் பந்து ரேக்கைத் தொடறதுக்கு முன்னாடி ஓடற தூரம் 47.75 இன்ச். இந்தத் தூரத்துல உங்க குறி வெறும் 0.3 டிகிரி தப்பினா, தலைப் பந்துல நட்ட நடுவுக்குக் கால் இன்ச் தள்ளிப் போய் மோதும். கால் இன்ச்தானேன்னு நினைக்காதீங்க. கால் இன்ச் தள்ளி மோதினா வெள்ளைப் பந்தோட வேகத்துல 11 சதவீதம் ரேக்குக்குள்ள போகாம பக்கவாட்டுல தங்கிரும். மணிக்கு 32 கிலோமீட்டர் வேகத்துல அடிச்சிருந்தா, மூணரை கிலோமீட்டர் வேகத்துல வெள்ளை சைடு பக்கம் ஓடும். அரை இன்ச் தப்பினா 7 கிலோமீட்டர். வெள்ளை சைடு பாக்கெட்டுல விழுறது, டேபிள் ஓரத்து ரப்பர் குஷன்ல பட்டுத் திரும்பி வந்து நம்ம ஆசையா பாத்துட்டு இருந்த பந்து மேல மோதுறது, கிளப்புல தினமும் பாக்கிற இந்தக் கூத்துல பெரும்பங்கு அந்தக் கால் இன்ச், அரை இன்ச்சுல இருந்துதான் பொறக்குது. நேரா அடிச்சா வெள்ளை மோதின இடத்துலருந்து கொஞ்சம் பின்வாங்கி டேபிள் நடுவுல உக்காரும், அடுத்த ஷாட் எந்தப் பக்கம் இருந்தாலும் ஆடலாம்.

கை பழகாத வெயிட் குழப்பறது இங்கதான். தினமும் 19-ல ஆடற கைக்குத் திடீர்னு 21-ஐக் குடுத்தா பின்னாடி இழுக்கும்போது கியூ நினைச்சதை விட மெதுவா கிளம்பும், உடனே கை அதை இறுக்கிப் புடிக்கும், இறுக்கினா மணிக்கட்டு பூட்டிக்கும், தோள் வேலைக்கு வரும், தோள் வந்ததும் கியூ நேர்க்கோட்டை விட்டு விலகும். 0.3 டிகிரி தப்ப இதுல பாதி நடந்தாலே போதும். இன்னொண்ணு, பிரேக் அடிக்கும்போது குஷனுக்கு மேல கியூ போறதால பின்பக்கம் எப்பவுமே லேசா தூக்கித்தான் இருக்கும், கனமான கியூவை விசிறி அடிக்கிறப்போ பின்கை இன்னும் தூக்கிக்கிற பழக்கம் நிறைய பேருக்கு உண்டு. அப்படி ஆனா வெள்ளை துணிமேல ஓடாம குதிச்சுக்கிட்டே போகும், குதிச்ச நிலையிலயே தலைப் பந்தைத் தொட்டா ரேக்குக்குள்ள போக வேண்டிய அடி மேல போயிரும், வெள்ளை டேபிளை விட்டே பறக்கும்.

அதனால நான் 19-க்குப் பக்கத்துலயே நில்லுங்கன்னு சொல்றது பவருக்காக இல்ல. உங்க கை நாள் முழுக்க பழகின ஊசலை பிரேக் அடிக்கிறப்ப மாத்தக்கூடாது, அதுக்காக.

வெயிட் நம்பரை விட பேலன்ஸ் எங்க இருக்குன்னு பாக்கிறது முக்கியம், கடையில யாரும் இதைச் சொல்றதில்ல. 58 இன்ச் கியூவை ஒத்தை விரல்ல நிறுத்திப் பாருங்க, பட் நுனியிலருந்து, அதாவது நாம புடிக்கிற தடிச்ச பின்பக்க நுனியிலருந்து, 18, 19 இன்ச்சுக்குள்ள எங்கயோ நிக்கும். நிறைய கியூவுல பட் நுனியில இருக்கிற ரப்பர் பம்பரைக் கழட்டினா உள்ள ஒரு வெயிட் போல்ட் இருக்கும், நீளமான ஆலன் கீ விட்டுத் திருகி வேற போல்ட் போட்டா வெயிட்டைக் கூட்டிக் குறைக்கலாம். ரொம்ப நல்ல வசதி, ஆனா அந்த வெயிட் முழுக்க வாலுல போய்ச் சேருது. 19 அவுன்ஸ் கியூவுல ஒரு அவுன்ஸ் போல்ட்டை அங்க ஏத்தினா பேலன்ஸ் கிட்டத்தட்ட முக்கால் இன்ச் பின்னாடி போயிரும். முன்பக்கம் லேசாகும், பிரிட்ஜ் கையில (டேபிள் மேல ஊன்றி கியூவைத் தாங்குற முன்கை) கியூ சரியா படியாம நுனி அலையும். அதனால ரெண்டு கியூ 20 அவுன்ஸ்னு எழுதியிருந்தாலும் ஒண்ணு கையில கல்லு மாதிரி நிக்கும், இன்னொண்ணு ஆட்டம் காட்டும். வாங்கும்போது எழுதியிருக்கிற நம்பரையும் அப்படியே நம்ப வேண்டாம், சமையலறையில வைக்கிற டிஜிட்டல் தராசுல பட் பாகத்தையும் முன்பாதியான ஷாஃப்ட்டையும் தனித்தனியா வச்சுக் கூட்டிப் பாத்துக்கலாம், அரை அவுன்ஸ் முன்ன பின்ன இருக்கிறது சகஜம்.

உண்மையிலேயே பவர் வேணும்னா டிப்பைப் பாருங்க. சாதாரண லெதர் டிப்புல மோதலோட துள்ளல் (மோதின வேகத்துல எவ்வளவு பங்கு விலகற வேகமா திரும்புதுங்கிற கணக்கு, முழுசும் திரும்பினா 1) 0.7-லருந்து 0.75 வரைக்கும், ஃபீனாலிக்ங்கிற கெட்டி பிளாஸ்டிக் மாதிரி டிப்புல 0.8-ஐத் தாண்டும். கணக்குல போட்டுப் பாத்தா அது மட்டுமே 5 சதவீதம் பக்கம் கூடுதல் பந்து வேகம், அதுவும் கையை ஒரு துளி மெதுவாக்காம. ரெண்டு அவுன்ஸ் ஏத்திக் கிடைக்கிறதை விட ரெண்டு மடங்கு. பிரேக்குக்குத் தனி கியூ வச்சுக்கிறதுக்கு நியாயமான காரணமே இதுதான், அப்புறம் ஆடற கியூவோட டிப் பிரேக் அடிச்சு அடிச்சு நசுங்கி ஓரம் பிதுங்காம இருக்கும். கெட்டி டிப்புல வழுக்காம இருக்கத் தடவற சாக் அவ்வளவா ஒட்டாது, நடுவுலருந்து தள்ளி அடிச்சா வழுக்கி மிஸ்கியூ ஆகும், வெள்ளைப் பந்துலயும் தடம் விழும், அதனால சில கிளப்புல ஃபீனாலிக் டிப்பை அவங்க பந்து மேல விடவே மாட்டாங்க, கேட்டுக்குங்க. டோர்னமெண்ட் ஆடறவங்க அந்தப் போட்டியோட டிப் விதியையும் பாத்துக்கணும், உலக சங்கத்தோட விதியில டிப் லெதர் இல்லைன்னா நார்த்தன்மையோ வளைஞ்சு குடுக்கிற தன்மையோ உள்ள பொருளா இருக்கணும், அகலம் 14 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாதுன்னு இருக்கு. சந்தேகமா இருந்தா கெட்டியான லெதர் டிப்பு போட்டுக்கிட்டா எந்த வம்பும் இல்ல.

இப்ப அளக்கிற விஷயம். போன்ல ஸ்லோ மோஷன் நொடிக்கு 240 ஃப்ரேம் இருந்தா போதும். வெள்ளையை சரியா ஹெட் ஸ்பாட்ல வைங்க, ஓரத்துலருந்து அடிச்சா தூரம் மாறிடும், கணக்கு தப்பும். போனை டேபிள் பக்கவாட்டுல எங்கயாவது சாய்ச்சு வச்சு எடுங்க. வீடியோவை ஒவ்வொரு ஃப்ரேமா நகர்த்தி, வெள்ளை கிளம்பின ஃப்ரேம்லருந்து தலைப் பந்து அசைஞ்ச ஃப்ரேம் வரைக்கும் எண்ணுங்க. 9 அடி டேபிள்னா 1048-ஐ அந்த எண்ணிக்கையால வகுத்தா மணிக்கு எத்தனை கிலோமீட்டர்னு வந்துரும். 8 அடி டேபிள்ல ஆடுற இடம் 44-க்கு 88 இன்ச்சா இருந்தா 916-ஐ வகுங்க. 40 ஃப்ரேம் வந்தா 9 அடியில 26 கிலோமீட்டர், கிளப்புல ஆடறவங்களுக்கு இதுவே மோசமில்லாத வேகம். 32 ஃப்ரேம் வந்தா 32, 33 கிலோமீட்டர், அது நல்ல அடி. புரொஃபஷனல் ஆட்கள் பவரா அடிச்சா 32-லருந்து 40 வரைக்கும் போவாங்க.

இந்த அளவுல ஒரு விஷயம் கவனிங்க. 32 கிலோமீட்டர் பக்கத்துல ஒரு ஃப்ரேம் வித்தியாசம்னா ஒரு கிலோமீட்டர். மேல சொன்ன 2.3 சதவீதம் அங்க முக்கால் கிலோமீட்டர்தான், அதாவது ஒரு ஃப்ரேம் கூட இல்ல. அதனால 21-க்கு மாறினதும் மூணு ஃப்ரேம் குறைஞ்சிருச்சு, இல்ல கூடிருச்சுன்னா அதுக்குக் காரணம் வெயிட்டோட பௌதிகம் இல்ல, அந்த வெயிட்டுல உங்க ஸ்விங் மாறிப்போச்சு. உங்களுக்குத் தெரிய வேண்டியதும் அதுதான்.

கிளப்புல ரெண்டு மூணு பேர் கிட்ட வேற வேற வெயிட்டுல கியூ வாங்கிக்குங்க, முடிஞ்ச வரைக்கும் டிப் ஒரே மாதிரி இருக்கணும், இல்லைன்னா டிப்போட வித்தியாசத்தை வெயிட் கணக்குல எழுதிடுவீங்க. கை சூடானதுக்கப்புறம் ஒரு கியூவுக்குப் பத்து பிரேக், ஆனா பத்தையும் ஒரே மூச்சுல அடிக்காம மாத்தி மாத்தி அடிங்க, கடைசியா வர்ற கியூவுக்குத்தான் களைச்ச கை கிடைக்கும்ங்கிற அநியாயம் நடக்காம இருக்கும். ஒவ்வொரு பிரேக்குக்கும் ஃப்ரேம் எண்ணிக்கையும் வெள்ளை கடைசியா எங்க நின்னுச்சுங்கிறதும் எழுதுங்க. நடு டேபிள்ல நின்னா ஒரு டிக், பாக்கெட்டுல விழுந்தா, பறந்தா ஒரு பெருக்கல் குறி. ரேக் இறுக்கமா இருக்கணும், இது ரொம்ப முக்கியம், தலைப் பந்துக்குப் பின்னாடி நூலிழை இடைவெளி இருந்தாலும் சிதறல் பாதியா குறைஞ்ச மாதிரி இருக்கும், பழி கியூ மேல விழும். பழைய மர முக்கோணத்தை விட மெல்லிசா பிளாஸ்டிக்ல வர்ற ரேக் ஷீட் இருந்தா அதைப் போட்டு சோதிங்க. கடைசியில எந்தக் கியூவுல டிக் அதிகமோ அதை எடுங்க, வேகத்துல அது ஒரு கிலோமீட்டர் பின்தங்கியிருந்தாலும் சரி.

ஏன் வேகத்தை விட்டுக் குடுக்கச் சொல்றேன்னா, 8 பால், 9 பால்ங்கிற பூல் ஆட்ட வகை ரெண்டுலயும் பந்து எதுவும் விழலைன்னா நாலு பந்தாவது குஷனைத் தொட்டாதான் பிரேக் செல்லும், அதுக்கு 26 கிலோமீட்டர் நேரான அடியே தாராளம். பெரிய 9 பால் போட்டிகள் பலதுல 9-ஆம் நம்பர் பந்தை ஃபுட் ஸ்பாட்ல வச்சு, வெள்ளையை டேபிள்ல குறிச்ச ஒரு பாக்ஸுக்குள்ள வச்சுத்தான் அடிக்கணும்னு கொண்டு வந்துட்டாங்க, அங்க அடிக்கிறவங்களே முழு பலத்தைக் காட்டாம, கணக்கா வெட்டி அடிச்சு ஒண்ணாம் நம்பர் பந்து எங்க போய் நிக்கணும்ங்கிறதைத்தான் பாக்கிறாங்க. அதிகமா பவர் தேவைப்படறது 15 பந்தும் ஒண்ணா உக்காந்திருக்கிற 8 பால்லதான். நீங்க பெரும்பாலும் 8 பால், பெரிய உடம்பு, நீளமான கை, நிதானமா இழுத்து விடற ஸ்விங்குன்னா 20 உங்களுக்கு நல்லாவே பொருந்தலாம், சோதனையில அது ஜெயிச்சா தயங்காம எடுங்க. ஒல்லியான, வெடுக்குன்னு அடிக்கிற கையா இருந்தா 18-லருந்து 18.5. ஸ்னூக்கர்லருந்து வந்தவங்க 17, 18 அவுன்ஸ் கியூவுல பழகியிருப்பாங்க, அவங்க 19-ஐத் தாண்டறதுக்கு எந்தக் காரணமும் எனக்குத் தெரியல. தோள்பட்டை, முழங்கை வலி இருக்கிறவங்களும் கீழ்ப்பக்கமே நில்லுங்க, நாள் முழுக்க நடக்கிற போட்டியில கடைசி மேட்ச் வரைக்கும் அந்தக் கை தாங்கணும்.

உங்க விஷயத்துல, 19-ல ஆடறேன்னு சொன்னீங்க, அதனால 18.5-லருந்து 19.5-க்குள்ள, கெட்டி டிப்போட, போல்ட் மாத்தற வசதி இருக்கிற கியூவா பாருங்க. போல்ட் வசதி இல்லாம மூடி வர்ற மாடலும் உண்டு, பம்பரைக் கழட்டிக் காட்டச் சொல்லிக் கேட்டு வாங்குங்க. கூடவே அந்தக் கம்பெனி திருகுக்குப் பொருந்தற அரை அவுன்ஸ், ஒரு அவுன்ஸ் போல்ட் ரெண்டு வாங்கிட்டீங்கன்னா போதும், ஒவ்வொரு கம்பெனிக்கும் திருகு அளவு மாறும், அப்புறமா தனியா தேடினா கிடைக்கிறது கஷ்டம். வாங்கினதும் ரெண்டு மூணு வாரம் வந்த வெயிட்டுலயே அடிச்சுப் பழகிட்டு, அதுக்கப்புறம் போல்ட்டை மாத்தி மேல சொன்ன சோதனையைப் பண்ணுங்க.